விலை படியாத கார்

"பழைய கார் விக்க வர்றவன்ல ரெண்டே வகைதான் சார். கத்தறவன், கெஞ்சறவன்," என்றார் முதலாளி. "இவன் எந்த வகைன்னே எனக்குப் பிடிபடலை. நாலு லட்சம் கேட்டான். தர்றேன்னேன். அதுக்கு மேஜையில ஓங்கி ஒரு குத்து குத்தறான்!"

துப்பறிவாளர் கண்ணாடிச் சுவர் வழியே கீழே பார்த்தார். முன்கூடத்தில் மூன்று புதுக் கார்கள் மினுமினுத்தன. பின்முற்றத்தில், எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய கார்கள் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் வாங்கியவர்களைப் போல வெயிலில் வரிசை கட்டி நின்றன. வந்தது முன்வாசல் வழியாக; போவது பின்வாசல் வழியாக.

"கேட்ட விலையைக் கொடுத்தா குத்தறாரா?" என்றாள் ஊசி. துப்பறிவாளரின் உதவியாளர். ஒல்லியான உடம்பு, கூரான நாக்கு. பட்டப்பெயர் வந்தது இரண்டில் எதனால் என்று கேட்டவர்கள் அனைவருக்கும் அவள் நாக்கே பதில் சொல்லியிருக்கிறது. "என் ஸ்கூட்டரை வேணும்னா கொண்டு வரட்டுமா? நான் குத்தவே மாட்டேன்."

முதலாளி சிரிக்கவில்லை. "'என்னய்யா குறை என் வண்டியில? சொல்லு, எழுதிக் கொடு'ன்னு கத்தல். குறையே இல்லப்பா, நாலரையா வாங்கிக்கோன்னேன். முகம் செத்துப் போச்சு அவனுக்கு. வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். மறுநாள் திரும்ப வந்து அதே கூத்து. புதுக் கார் பார்க்க வந்த ரெண்டு குடும்பம் எழுந்து போயிடுச்சு. கொடுத்த விலாசம் பொய். போன் நம்பர் பொய். அவன் யாரு, எங்க இருக்கான், ஏன் விக்க மாட்டேங்கறான்? சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். அந்த வண்டியை வாங்கித் தலை முழுகினாத்தான் எனக்கு நிம்மதி."

அறையின் மூலையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த மீசை. சட்டைப்பையில், பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சின்னக் கருவி. வரும் கார்களுக்கெல்லாம் விலை போடுபவர் அவர்தான். கடையில் எல்லாருக்கும் அவர் 'மீட்டர்'. பெற்ற தாய் கார் கொண்டுவந்தாலும் நாலு குறை கண்டுபிடித்து விலையைப் பாதியாக்குவார் என்று பெயர்.

"நீங்க பார்த்தீங்களா வண்டியை?" துப்பறிவாளர் கேட்டார்.

மீட்டர் முதலாளியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நல்ல வண்டி சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

படியிறங்கும்போது ஊசி முணுமுணுத்தாள். "பாஸ், குறை சொல்லியே பொழைக்கிற மனுஷன் நல்ல வண்டிங்கறார். நாளைக்கு என் மாமியார் என்னை நல்ல மருமகள்னு சொன்னாலும் நம்பணும்போல."

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு அந்த வாடிக்கையாளரை நன்றாகவே நினைவிருந்தது. "புது வண்டி எதையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை சார். என்ன வண்டி வேணும்னு கேட்டேன், பதிலே இல்ல. ஆனா ஒண்ணு. அவ்வளவு கோபத்துலயும் வெளிய போறப்ப என் பக்கத்துல நின்னு, 'இந்த யூனிஃபார்ம் தச்சவன் உன் இடது தோளை அரை இஞ்ச் இறக்கிட்டான்மா, பிரிச்சுத் தைக்கச் சொல்லு'ன்னார். வீட்ல போய் டேப் வச்சுப் பார்த்தேன். சரியா அரை இஞ்ச்!"

துப்பறிவாளர் ஊசியைத் திரும்பிப் பார்த்தார்.

"தையல்காரர்," என்றாள் ஊசி. "ஊர்ல எத்தனை தையல்காரர் இருப்பாங்க?"

"இந்த ஒரு கடையோட நிறுத்தியிருப்பாரா அவர்? வா, எதிரிக் கடைக்குப் போவோம்."

இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு ஷோரூமின் மேனேஜர், விஷயத்தைச் சொன்னதுமே வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"ஏழரையா! எங்க வாட்ஸ்அப் குரூப்ல அவருக்கு அதான் பேரு. ஆறு ஷோரூம் ஏறி இறங்கியிருக்கார். ஏழாவதா உங்க ஆளு கடையா?"

"இங்கயும் மேஜையைக் குத்தினாரா?"

"முதல்ல குத்தினார். 'என் வண்டி தங்கம், பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன்'னு ஒரே சத்தம். நாங்க விடுவோமா? பானெட் திரும்ப பெயின்ட் அடிச்சது, விலை இவ்வளவு குறையும்னோம். யாரா இருந்தாலும் அங்கதான் சார் சண்டை உச்சத்துக்குப் போகும். இவர் உட்கார்ந்துட்டார். தண்ணி கேட்டார். 'அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க'ன்னார். தந்தோம். மடிச்சு வச்சுக்கிட்டுக் கும்பிட்டுட்டுப் போனார்."

"விலை ஏறினா கோபம், இறங்கினா கும்பிடு," என்றாள் ஊசி. "தலைகீழா மாட்டின கடிகாரம் மாதிரி."

"பெத்த பிள்ளைன்னதும் பொய் சார். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். வாங்கி நாலு மாசம்தான் ஆகுது. புத்தகத்தைப் பார்க்காம நாங்க யாருமே விலை பேச மாட்டோம்."

புத்தகத்தின் நகல் மேனேஜரிடம் இருந்தது. அதில் ஒரு தையல் கடையின் விலாசம். போய்ப் பார்த்தால் தையல் கடை இல்லை. செல்போன் உறைகள் தொங்கின. கடைக்காரர் வாயில் பேனாவைக் கடித்தபடியே சொன்னார்: "டெய்லரா? எனக்கு வித்துட்டாரே, நாலு மாசம் ஆச்சு. பின்தெருவுல மஞ்சள் கட்டடம், மூணாவது மாடி."

பின்தெருவில், மஞ்சள் கட்டடத்தின் கீழே, சாம்பல் நிறக் கார் நின்றது. ஊசி போனை எடுத்து விலாசத்தைத் தட்டி முதலாளிக்கு அனுப்பினாள்.

"அதுக்குள்ளயா?" என்றார் துப்பறிவாளர்.

"அட்வான்ஸ் வாங்கியிருக்கோம் பாஸ். பாதி வேலை முடிஞ்சதுன்னு தெரிஞ்சா மீதி கேட்க வசதியா இருக்கும்."

அவர் காரின் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து இழப்பீடு தரும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் கார்களையே விசாரித்தவர். முன்விளக்குகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று வெயில் பட்டு மஞ்சள் படிந்து மங்கியிருந்தது. மற்றது பளிங்கு மாதிரி பளபளத்தது.

"ஆறு வயசு வண்டிக்கு ஒரு கண்ணு மட்டும் புதுசு," என்றார். "வா, மேல போகலாம்."

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் ஊசிக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏழு ஷோரூம்களைக் கலக்கிய ஏழரை, தோளில் டேப் தொங்க, அவள் உயரம்கூட இல்லாத ஒரு மனிதர். குரல் அதைவிடச் சின்னது.

"எந்த ஷோரூம்? இப்படித் தேடி வருவாங்கன்னுதானே விலாசத்தை மாத்திக் கொடுத்தேன்."

"நாங்க கார் வாங்கறவங்க இல்லண்ணே," என்றாள் ஊசி.

அறையில் ஒரே ஒரு தையல் மிஷின். துணி வெட்டும் நீள மேஜையில் துணி இல்லை. ஏழு காகிதங்கள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொருள். கத்திரிக்கோல், நூல்கண்டு, பொத்தான் டப்பா.

"முதலாளி அனுப்பினாரா? அந்தக் கடைசிக் கடை முதலாளி?"

"ஆமா," என்றார் துப்பறிவாளர். பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "நீங்க ஏன் விக்க மாட்டேங்கறீங்கன்னு கேட்டார்."

தையல்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். வெகுநாளாகக் கேட்க ஆள் இல்லாத கதை; கேட்டதும் கொட்டியது.

"என் தங்கச்சி காஜா எடுப்பா. பொத்தான் ஓட்டைக்கு ஓரம் தைக்கிற வேலை. நான் வெட்டுவேன், தைப்பேன், அவ முடிப்பா. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலை. முப்பது வருஷம் இப்படியே ஓடிடுச்சு. பதினாலு மாசத்துக்கு முன்ன, மத்தியானம், பொத்தான் வாங்க சைக்கிள்ல போனா. திருப்பத்துல ஒரு கார் அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிடுச்சு. நான் போறப்ப ரோட்டுல பொத்தான்தான் கிடந்துச்சு. பொறுக்கி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு."

ஊசியின் நாக்கு முதல் முறையாகக் கூர் இழந்தது.

"போலீஸ்?" என்றார் துப்பறிவாளர்.

"நம்பர் இருக்கான்னாங்க. இல்லைன்னேன். காரைக் கண்டுபிடிச்சா வாங்கன்னாங்க. ரோட்டுல ஒரு விளக்குத் துண்டு கிடந்துச்சு, சைக்கிள்ல சாம்பல் பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. துண்டைக் கொண்டுபோய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில காட்டினேன். இன்ன மாடல்னான். அன்னையிலிருந்து விற்பனைக்கு வர்ற அந்த மாடல் சாம்பல் கார் ஒண்ணு விடாமப் போய்ப் பார்த்தேன். பதினோராவது வண்டிக்கு ஒரு விளக்கு மட்டும் புதுசு. கடையை வித்து அதை வாங்கினேன்."

"வாங்கிட்டுப் போலீஸ்ட்ட போகலையா?"

"போனேன். 'இதுதான் அந்த வண்டின்னு நீ சொன்னாப் போதுமா? விவரம் தெரிஞ்சவன் எழுதிக் கொடுக்கட்டும்'னாங்க. ஒவ்வொரு மெக்கானிக்கா காலைப் பிடிச்சேன். போலீஸ் கேஸ்னதும் ஒருத்தனும் பேனாவைத் தொடலை. அப்பத்தான் ஒரு மெக்கானிக் சிரிச்சுக்கிட்டே சொன்னான். 'விக்கப் போறேன்னு சொல்லிப் பாரு, ஒரு கீறல் விடாம எழுதித் தருவான்'னு."

துப்பறிவாளர் எழுந்து மேஜையருகே போனார். பானெட் திரும்ப அடித்த பெயின்ட், ஒரு கையெழுத்து. மாற்றிய விளக்கு, ஒரு கையெழுத்து. மாற்றிய முன்கண்ணாடி. திருகிய போல்ட்டுகள். நிமிர்த்திய அடிச்சட்டம். வளைந்த பம்பர் பிடி. நியாயத்துக்குப் பேனாவைத் தொடாத ஊர், விலையைக் குறைக்க ஆறு முறை கையெழுத்துப் போட்டிருந்தது.

"பழைய சொந்தக்காரர் யாரு?"

"அவர் வெளியூர் போயிட்டார். விபத்துக்கு ஒரு வாரம் முன்னமே வண்டியை எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டாராம். எந்த ஷோரூம்னு அவரைப் பிடிச்சுக் கேக்க முடியலை. எனக்கு வித்த புரோக்கரும் வாயைத் திறக்கலை. ஷோரூம்காரங்க அவங்க பேருக்கு மாத்த மாட்டாங்களாமே?"

"மாத்த மாட்டாங்க. வித்தவர் பேர்லேருந்து நேரா வாங்கறவர் பேருக்குப் போகும். நடுவுல கடையில நிக்கிற நாளுக்குப் புத்தகத்துல தடமே இருக்காது. அந்த நாள்லதான் உங்க தங்கச்சி..." துப்பறிவாளர் தையல் மிஷின் பக்கம் பார்த்தார்.

தையல்காரர் ஏழாவது காகிதத்தைத் தொட்டார். "இதுதான் என்னைக் கொன்னுடுச்சு. ஊர்லயே பெரிய கை, மீட்டர்னு பேராம். அவர் எழுதிக் கொடுத்திருக்கார், பாருங்க. 'விபத்து இல்லை. எல்லாம் ஒரிஜினல்.' நம்ப முடியாம மறுநாளும் போனேன். அதையே சொன்னார். அப்ப ஆறு பேரும் விலையைக் குறைக்கப் பொய் சொன்னாங்களா? கடையை வித்துத் தப்பான வண்டியை வாங்கிட்டேனா சார்? அதை மட்டும் சொல்லிடுங்க, போதும்."

துப்பறிவாளர் ஏழாவது காகிதத்தைக் கையிலெடுத்தார்.

"ஐயா, அந்த ஆறு பேரும் வியாபாரிங்க. குறை கண்டுபிடிச்சாங்க, விலையை இறக்கினாங்க. அது அவங்க பொழப்பு. ஏழாவது ஆள் மட்டும் ஏன் வியாபாரம் பண்ணலை?"

தையல்காரர் விழித்தார்.

"நாலு லட்சம் கேட்டவருக்கு நாலரை தர்றேங்கறார். பதிவுப் புத்தகத்தைக்கூடக் கேக்கலை; கேட்டிருந்தா உங்க விலாசத்தைக் கண்டுபிடிக்க என்னை எதுக்குக் கூப்பிடணும்? புதுசா வர்ற வண்டிக்குத்தான் புத்தகம் பார்க்கணும். தன் கையில இருந்து போன வண்டிக்கு எதுக்கு? ஒரு குருடன் பார்த்தாலும் தெரியற விளக்கு, மீட்டர் கண்ணுக்குத் தெரியலையா? இந்தக் காகிதம் பொய் இல்லைய்யா. ஒப்புதல் வாக்குமூலம். நீங்க வாங்கினது சரியான வண்டிதான். ஏறினதும் சரியான கடைதான்."

தையல்காரர் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

ஊசி வாசல் பக்கம் திரும்பினாள். "பாஸ்... நான் விலாசத்தை..."

துப்பறிவாளர் பாய்ந்து ஜன்னலைத் திறந்தார்.

பின்தெரு காலியாக இருந்தது. கார் நின்ற இடத்தில், சொட்டிய எண்ணெயின் கறை மட்டும். தெருமுனையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மேலே பார்த்துக் கத்தினார்கள்: "இழுவை வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு! இப்பத்தான்!"

மூன்று மாடியையும் ஊசி எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. காலித் தெருவில் நின்று தன் போனையே வெறித்துப் பார்த்தாள். "என்னைத் திட்டுங்க பாஸ்."

"எதுக்கு? அட்வான்ஸ் வாங்கினது நான்." துப்பறிவாளர் குரலில் கசப்பு ஏறியிருந்தது. "அவருக்கு ஏன், எதுக்குன்னெல்லாம் வேண்டாம். எங்க நிக்குதுன்னு மட்டும்தான் வேணும். நம்மளை வச்சு மோப்பம் பிடிச்சிருக்கார்."

"போலீஸ்ட்ட போவோமா?"

பின்னால் வந்து நின்ற தையல்காரர் சிரித்தார். அழுகையே தேவலாம் என்கிற மாதிரிச் சிரிப்பு. "போனா, வண்டி எங்கன்னு கேப்பாங்கம்மா."

துப்பறிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. ஷோரூமில் கூட்டம் நிறையும் நேரம். "ஐயா, இத்தனை நாள் பொய்யாச் சண்டை போட்டீங்க. இன்னைக்கு நிஜமாப் போட முடியுமா?"

தையல்காரர் தோளில் கிடந்த டேப்பை உருவிச் சுருட்டிப் பையில் வைத்தார். "எவ்வளவு சத்தமா?"

முன்கூடத்தில் நாலைந்து குடும்பங்கள். ஒரு குழந்தை புதுக் காரின் ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டிருந்தது. தையல்காரர் நடுக்கூடத்தில் போய் நின்றார்.

"என் வண்டிக்கு விலை சொல்லுடா!"

அந்தச் சின்ன உடம்புக்குள் இப்படி ஒரு குரலா என்று ஊசியே ஓரடி பின்வாங்கினாள். "என் வண்டியைத் தூக்கிட்டு வந்திருக்கியே, விலை சொல்லு! பானெட்டுக்கு எவ்வளவு? விளக்குக்கு எவ்வளவு? என் தங்கச்சிக்கு எவ்வளவுடா போட்டிருக்கே?"

குழந்தை அழ ஆரம்பித்தது. வரவேற்புப் பெண் போனை எடுத்தாள். ரகளை செய்யும் வாடிக்கையாளர் வந்தால் யாரையும் கேட்காமல் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்பது கடையின் விதி. போன வாரம் இவரால் இரண்டு குடும்பம் எழுந்து போன பிறகு முதலாளியே போட்டது.

மாடிக் கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். கீழே தையல்காரர். பக்கத்தில் துப்பறிவாளர். மேஜையில் போன். ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"போனை வை! வைம்மா போனை!"

"சொல்லிட்டேன் சார்," என்றாள் அவள், பாராட்டு வருமென்று. "கிளம்பிட்டாங்களாம்."

ஒன்பது நிமிஷம். போலீஸ் அதிகாரி தொப்பியைச் சரி செய்தபடி உள்ளே வந்தார். "யாருய்யா ரகளை? ... நீயா? சைக்கிள் கேஸ் டெய்லர்தானே? உனக்கு இதே வேலையாப் போச்சு!" கை நேராகச் சட்டைக் காலருக்குப் போனது.

"அவர்தான் ரகளை," என்றார் துப்பறிவாளர். "கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்ன பின்முற்றத்துல அவர் கார் நிக்குது, அதுக்கு வித்த சீட்டு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. இல்லைன்னா அது திருட்டு. அதையும் நீங்கதான் எழுதணும்."

அதிகாரியின் கை தளர்ந்தது. கூடத்தில் இத்தனை பேர் பார்க்கிறார்கள். கேட்காமல் போக முடியாது.

பின்முற்றத்தில் சாம்பல் நிறக் காரின் பானெட் திறந்து கிடந்தது. புது விளக்கைப் பாதி கழற்றியிருந்தார்கள். பக்கத்தில் மீட்டர், கையில் ஸ்பேனருடன்.

"எக்ஸ்சேஞ்சுக்கு வந்த வண்டி சார்," மூச்சு வாங்க ஓடிவந்தார் முதலாளி. "வாயால பேசி முடிச்சாச்சு, சீட்டு எழுதறதுக்குள்ள இந்த ஆள் மாத்திப் பேசறார். சுத்தமான வண்டி. மீட்டர், சொல்லுய்யா! நீதானே பார்த்தே?"

ஊசி ஏழு காகிதங்களையும் மீட்டரின் முன்னால் காரின் மேல் பரப்பினாள். "ஆறு பேருக்குத் தெரிஞ்சிருக்கு சார். நேத்து வேலைக்குச் சேர்ந்தவன்கூட விளக்கு மாத்தினதுன்னு எழுதியிருக்கான். உங்க ஒருத்தர் கண்ணுக்குத்தான் தெரியலை."

மீட்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். தன் கையெழுத்தில் வந்து நின்றார். இரக்கமோ பயமோ அந்த முகத்தில் இல்லை, இருந்தது அவமானம். சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து பானெட்டின் மேல் வைத்து, எண்ணை அதிகாரி பக்கம் திருப்பினார்.

"ஒரிஜினல் பெயின்ட் இதுல பாதிகூட வராது சார். திரும்பப் பெயின்ட் அடிக்கக் கொண்டுபோனதே நான்தான், பதினாலு மாசத்துக்கு முன்ன. முன்கண்ணாடியில தலைமுடி ஒட்டியிருந்துச்சு. ஓட்டிட்டு வந்து சாவியை என் கையில கொடுத்தது முதலாளி."

"டேய்!"

"முப்பது வருஷத்துல நான் குறையில்லைன்னு எழுதின வண்டி இது ஒண்ணுதான்," என்றார் மீட்டர், யாரையும் பார்க்காமல்.

"பதினாலு மாசம் வலிக்காதது, பேர் கெட்டதும் வலிக்குதா?" என்றாள் ஊசி. அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

அதிகாரி நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். இப்போது 'சார்' போட்டுத்தான் பேசினார், முதலாளி, தையல்காரர் இரண்டு பேரிடமும். ஆனால் புகார் புகார்தான். ரகளை செய்தவர் போலீஸ் வண்டியில் வர வேண்டும். முதலாளிக்கு ரத்த அழுத்தம் என்பதால் தன் காரிலேயே பின்னால் வரலாம். கூட ஒரு கான்ஸ்டபிள் உட்காருவார்.

"இது என்ன நியாயம்?" என்று துப்பறிவாளர் முன்னால் போனார். தையல்காரர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். அந்தச் சின்னக் குரல் திரும்பியிருந்தது.

"விடுங்க சார்." பிறகு அதிகாரியிடம் கேட்டார். "பதினாலு மாசமா நான் ஸ்டேஷனுக்கு நடக்கறேன். வண்டியை ஒரு தடவை வந்து பாருங்கன்னு காலைப் பிடிச்சேன். வரலை. இவர் கடையில ஒரு தடவை சத்தம் போட்டேன், ஒன்பதே நிமிஷத்துல வந்துட்டீங்க."

அதிகாரி வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"தெரியாமப் போச்சு," என்றார் தையல்காரர், ஏறி உட்கார்ந்தபடி. "தெரிஞ்சிருந்தா முதல் நாளே இங்க வந்து கத்தியிருப்பேன்."